மிக்சர் மகாராஜா மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! குமிழ்களால் முடி சூடியவரும், பச்சை மஞ்சள் சிவப்பு விளக்குகளை விழிகளாகக் கொண்டவரும், ஒரு முழத்துக்கும் குறைவான திருமேனிக்குள் ஒரு முழு நாடகத்தையே அடக்கி ஒடுக்கும் பேராற்றல் படைத்தவரும், கல்யாண வரவேற்புகளின் காவலரும், ஆடிக் கூழ் வார்த்தலின் ஆதரவாளரும், இன்னிசைக் குழுக்களின் இஷ்ட தெய்வமும் ஆகிய பதினாறு சேனல் மிக்சர் மகாராஜா அவர்கள், நாடக மேடையையும் இப்போது தம் ஆளுகைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், லோடு ஆட்டோவின் பின்புறம் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கும் ஒயர் மூட்டைக்கும் நடுவே அவர் எழுந்தருளிய அழகைக் கண்ட கண்கள் பாக்கியம் செய்தவை. ஸ்ரீரங்கத்து வீதிகளில் பெருமாள் புறப்பாடு பார்த்துப் பழகிய ஊர் இது. இங்கேயும் யாரும் கண்டிராத எளிமையோடு, மைக் செட் தம்பி மகாராஜாவை ஒரே கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மறு கையில் டீ.

இத்தகைய பெருந்தகையை நாடகத்துக்குத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்ட செயல். நம் முன்னோர் இந்த விஷயத்தில் வீணாகத் தலையை உடைத்துக்கொண்டவர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மேடை 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம் இருக்க வேண்டும் என்று அளந்து வைக்கிறது. அந்தக் கோலுக்கும் 24 விரல் என்று கணக்கு. நாட்டிய சாஸ்திரமோ, 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உள்ள ஆடரங்கமே உகந்தது, அதைவிடப் பெரிதானால் பேச்சு தெளிவாகக் கேட்காது என்று கவலைப்படுகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் வசனம் கேட்க வேண்டுமே என்று காலங்காலமாக இப்படியொரு ஏக்கம்!

அந்த ஏக்கத்திலிருந்து முற்றாக விடுபட்ட ஞானி எங்கள் நாடகக் குழுவின் செயலாளர். மைக் செட் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் ஒரே ஒரு மைக்கைச் செருகி, “ஹலோ… ஹலோ… மைக் டெஸ்டிங்… ஒன் டூ த்ரீ” என்று திருவாய் மலர்ந்தார். பிறகு தம் போனிலிருந்து ஒரு குத்துப்பாட்டை ஓடவிட்டார். “சார், பதினாறு சேனல் சார். ப்ளூடூத் இருக்கு, யூஎஸ்பி இருக்கு. எக்கோவைக் கேளுங்க, சும்மா அள்ளும்.” செயலாளர் கண்மூடி அனுபவித்தார். பதினான்கு பேர் நடிக்கும் அரிச்சந்திரா நாடகத்தை ஒற்றை ஹலோவில் எடைபோட்டு முடித்த அந்த நுண்மாண் நுழைபுலத்தை எப்படிப் புகழ்வேன்! பின்னாலிருந்து யாரோ ஒரு நடிகர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்க வாயெடுத்தபோது அவர் அருளிய மறுமொழியைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும்: “கல்யாணத்துக்கு ஓடுது, கச்சேரிக்கு ஓடுது, நாடகத்துக்கு மட்டும் ஓடாதா?”

ஓடியது. எப்படி ஓடியது என்பதே இந்த மெய்க்கீர்த்தி.

அதற்குமுன், மகாராஜா இல்லாத காலத்தில் இந்த ஊர் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் 1914இல் இங்கே ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். அவருடைய அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர். ஒலிபெருக்கி என்ற பேச்சே அதிகம் எழாத நாள்கள் அவை. அந்தப் பிள்ளை தன் தொண்டையை மட்டுமே நம்பி, கூட்டத்தின் கடைக்கோடிவரை அழுதாக வேண்டும். என்ன கொடுமை! திருச்சியில் வாழ்ந்த எம்.ஆர். ராதா இன்னும் மோசம். ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தில் ஒரே வாக்கியத்துக்குள் குரலைக் கரகரப்பாக இறக்கி, அடுத்த சொல்லில் கீச்சென்று ஏற்றி, அந்த ஏற்ற இறக்கத்திலேயே ஒரு பணக்காரனின் அழிவைக் காட்டிவிடுவார். உடம்பை வருத்தி, மூச்சைப் பழக்கி, ஆண்டுக்கணக்கில் குரலைத் தீட்டிய இந்த மக்களுக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு. உழைப்பே தேவையில்லை. எந்தக் குரல் உள்ளே போனாலும் ஒரே குரலாக வெளியே வரச் செய்யும் சமதர்ம வேந்தர் ஒருவர் வரவிருக்கிறார் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அவருடைய முதல் பெருமை எண்ணிக்கை. பெட்டியின்மேல் 16 என்று தங்க எழுத்தில் பொறித்திருக்கும். மைக் செருகும் துளைகளை எண்ணிப் பார்க்கும் அற்பர்களுக்குப் பத்து மட்டுமே தென்படும். மீதி ஆறும் கீபோர்டுக்கும் பாட்டுப் போடும் பெட்டிக்கும் ஆன ஜோடித் துளைகள். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று இரண்டிரண்டாகக் கணக்கில் ஏறியவை. நான்கு பேருக்கு மைக் இல்லையே என்று கலங்குவது கணிதம் தெரிந்தவர்களின் நோய். எங்கள் குழுவில் மந்திரியும் தளபதியும் ஒரே மைக்கின் கீழ் நெருங்கி நின்று ஆலோசனை நடத்தினார்கள். அரசவையில் அப்படியொரு அன்னியோன்னியத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை. காட்டுக்குப் போகும் அரசி சந்திரமதி வலப்பக்கம் நடக்க வேண்டியவர். அந்தப் பக்கம் தொங்கும் மைக்குக்குத் துளை கிடைக்காததால் இடப்பக்கம் வந்து நின்று விடைபெற்றுவிட்டு, பிறகு திரும்பி வலப்பக்கமாகவே போனார். மூன்று மாதம் ஒத்திகை நடத்திய டைரக்டர் வகுத்த நடையை அரை மணியில் திருத்தி அமைத்த மகாராஜாவின் மேடை ஞானம் அப்படிப்பட்டது.

அவர் திறந்த மனம் கொண்டவர். லண்டன் வெஸ்ட் எண்டிலும் நியூயார்க் பிராட்வேயிலும் இசை நாடகம் போடுகிறவர்கள் மகா கருமிகள். பேசுகிறவரின் மைக்கை மட்டும் அவர் வரிக்குத் திறந்து, வரி முடிந்ததும் மூடிவிடுவார்கள். ஒலி இயக்குபவர் நாடகப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு வரிவரியாக விரலை நகர்த்துவார். நம் மகாராஜாவின் ராஜ்யத்தில் திரை தூக்கியது முதல் மங்களம் வரை எல்லா மைக்கும் திறந்தே இருக்கும். திறந்த மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஊளை வராமல் ஒலியை ஏற்றும் இடம் 3 டெசிபல் சுருங்கும் என்பது ஒலிக் கணக்கு. எட்டு மைக் திறந்திருந்தாலே 9 டெசிபல் போயிற்று. அதனால்தான் நடிகர்கள் எவ்வளவு கத்தினாலும் முணுமுணுப்பாகவே கேட்டது. கேட்கவில்லையே என்று ஏற்றிய மறுகணம் மகாராஜாவே வாய் திறந்து கர்ஜித்தார். ஸ்ரீரங்கத்தில் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியபோது, இரணியன் வதைப் படலத்தைக் கேட்டு மேட்டழகிய சிங்கர் முழங்கி ஏற்றுக்கொண்டதாக ஐதிகம். கம்பருக்கு ஒரு முழக்கம் பெற ஒரு காவியம் தேவைப்பட்டது. எங்கள் அரிச்சந்திரனுக்கு, “நாதா” என்று சந்திரமதி கூப்பிட்டதற்கே முழக்கம்; அவர் “என்ன” என்றதற்கு இன்னொன்று.

ஊளையை அடக்க மகாராஜா வைத்திருக்கும் மருந்து அபாரமானது. ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று குமிழ்: பேஸ், மிட், ட்ரெபிள். அறைக்கு அறை ஊளை வேறு வேறு இடத்தில் எழும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் குறைக்க, நகரக்கூடிய மிட் வேண்டும் என்று படித்தவர்கள் பிதற்றுவார்கள். மகாராஜாவின் மிட் நகராது. பெரும்பாலும் 2.5 கிலோஹெர்ட்ஸ் என்று ஓரிடத்தில் வேர்விட்டு நிற்கும் நெஞ்சுறுதி அது. தமிழின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறுவதும் ஏறக்குறைய அந்த வட்டாரத்தில்தான். ஊளை வந்ததும் தம்பி பத்து மிட்டையும் ஒரே மூச்சில் அடியோடு குறைத்தான். ஊளை பாதி அடங்கியது. அதோடு லகரம், ளகரம், ழகரம் மூன்றும் பகை மறந்து ஒன்றாயின. விசுவாமித்திரர் கேட்டது கழையா, களையா, கலையா என்று முன்வரிசையில் இருந்த தமிழாசிரியர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மொழியிலக்கணம் பயில்கிற பிள்ளைகளின் எத்தனை பெரிய சுமை ஓர் இரவில் இறங்கிற்று!

இனி எக்கோ. கைகூப்பி எழுந்து நின்று சொல்ல வேண்டிய இடம் இது.

மகாராஜாவின் திருமேனிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஜாலங்கள் குடியிருக்கின்றன. சிறிய அறை, பெரிய மண்டபம், குகை, எதிரொலி. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அருள்வார். அதையும் எல்லாருக்கும் பொதுவாக அருள்வார். தம்பி நாடகம் தொடங்கும்போதே எக்கோவைப் பாதிக்குமேல் ஏற்றிவைத்துவிட்டான். “அண்ணே, எக்கோ இல்லேன்னா சப்புனு இருக்கும்ணே” என்று அவனே எனக்கு விளக்கினான். அதன் பயனாக அயோத்தி அரண்மனையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் மூன்று சொல்லாயிற்று. மந்திரி “மன்னா” என்றால் “மன்னா… ன்னா… னா”. காசித் தெருவில் அடிமை ஏலம் நடந்தபோது விலை கேட்டவர் நூறு பொன் என்றார்; அது முந்நூறாகக் கேட்டது. அரிச்சந்திரன் அசடு, பேரம் பேசாமல் விட்டுவிட்டார். ஆனால் மகாராஜாவின் முழு மகிமையும் மயான காண்டத்துக்காகவே காத்திருந்தது. பாம்பு தீண்டி இறந்த பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு தாய் குரல் எழாமல் விம்மும் இடம் அது. எங்கள் சந்திரமதி அந்த இடத்தில் குரலை அடிவயிற்றுக்குள் இறக்கி, கிட்டத்தட்ட மூச்சாகவே பேசுவார். ஒத்திகையில் அதைக் கேட்டு, ஹார்மோனியம் வாசிக்கும் பெரியவர் பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் நின்றார். அன்று இரவு அந்த மூச்சை மகாராஜா கையில் வாங்கி, குகைக்குள் செலுத்தி, நான்கு பக்கச் சுவரிலும் மோதவைத்து, மாநாட்டுத் தலைவரின் குரலாக்கி வெளியே விட்டார். பின்வரிசைப் பையன் ஒருவன் கைதட்டினான். எந்த அரசன் தன் நாட்டு அழுகையை இவ்வளவு கம்பீரமாக்கியிருக்கிறான்?

அப்போதே உள்ளே அலங்கார அறையிலிருந்து இன்னொரு குரலும் சபைக்கு வந்தது. லோகிதாசனைத் தீண்டிய பாம்புக்கு உரியவர், கழுத்தில் கார்ட்லெஸ் மைக்கோடு, “பிரியாணி சொன்னீங்களா, இல்ல நான் போய் வாங்கிட்டு வரவா?” என்று அக்கறையோடு விசாரித்துக்கொண்டிருந்தார். பெரிய மிக்சர்களில் ஒரே பொத்தானில் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரின் மைக்கையும் மூடும் வசதி உண்டு. காட்சிக்குக் காட்சி எது திறக்க, எது மூட என்பதை நினைவில் வைத்து ஒரு விரலுக்கு எல்லாவற்றையும் மாற்றும் டிஜிட்டல் ரகங்களும் உண்டு. மகாராஜா நினைவாற்றலை இழிவாகக் கருதுபவர். பத்துச் சேனலையும் ஒவ்வொன்றாகத் தேடி மூடவேண்டும். அதற்குள் பிரியாணிக்கு எலும்பில்லாமல் கேட்டாயிற்று. மயானத்தில் பசி என்பதும் ஒரு தத்துவம்தானே?

ஃபேடர் என்னும் தள்ளுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மிக்சர் மேசைகளில் அது 100 மில்லிமீட்டர் ஓடும். விரலை மெல்ல நகர்த்திக் குரலைக் குரலோடு சேர்க்கலாம். மகாராஜாவிடம் 60 மில்லிமீட்டர். அவருடைய தம்பியர் சிலரிடம் அதுவும் இல்லை, வெறும் குமிழ். இதனால் நாடகத்தில் வீணான நடுநிலைகள் ஒழிந்தன. குரல் இருக்கும், அல்லது இருக்காது.

விளக்குகளுக்கும் மகாராஜாவுக்கும் ஒரே ப்ளக்பாயின்டிலிருந்து கரன்ட் கொடுத்திருந்தார்கள். ஒளியைக் குறைத்து மயான இருட்டைக் கொண்டுவந்தபோதெல்லாம் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் எழுந்தது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், சுருதிக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து கட்டை. பழைய நாடக மேடையில் ராஜபார்ட்டுகள் தொண்டை கிழிய எட்டிப்பிடித்த சுருதியை, மகாராஜா ஒரு வித்துவானும் இல்லாமல், எண்மங்கள் சில கீழிறக்கி, இடைவிடாமல் வழங்கினார். ஹார்மோனியப் பெரியவர் அதற்கு ஒத்து வாசிக்காமல் முகம் சுளித்தது அவருடைய சிறுமை.

அந்த மண்டபம் நீளமானது. பின்வரிசைக்கு என்று தனியாக இரண்டு பாக்ஸ் வைத்திருந்தார்கள். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருப்பவரை அடைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஒயர் வழியே பின் பாக்ஸுக்கோ உடனே போய்விடும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டப் பின் பாக்ஸின் ஒலியைத் தாமதப்படுத்தும் டிலே மகாராஜாவிடம் இல்லை. ஆகவே பின்வரிசை மக்களுக்கு ஒவ்வொரு வசனமும் இரண்டு தரம், எக்கோவையும் சேர்த்தால் ஆறு தரம் கிடைத்தது. மலிவு டிக்கெட்டுக்காரர்களிடம் இவ்வளவு தாராளம் காட்டிய கலைஞர் வேறு யார்?

மகாராஜாவை எங்கே அமர்த்தியிருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், ஸ்பீக்கர்களுக்கும் பின்னால். அவரை இயக்கும் தம்பிக்கு மண்டபத்தில் என்ன கேட்கிறது என்பது கேட்கவே கேட்காது. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதல் நாள் இரவு ஒரு காதுகுத்து, அன்று பகல் ஒரு நிச்சயதார்த்தம், நடுவில் ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு; நாடகம் என்ன கதை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, பிரதியைக் கண்ணில் காட்டவில்லை, ஒரு ஒத்திகைக்கும் கூப்பிடவில்லை. சந்திரமதியின் குரல் கேட்கவில்லை என்று ஒருவர் ஓடிப்போய்ச் சொன்னபோது, “அண்ணே, ஃபுல்லா வச்சிட்டேன், இதுக்கு மேல ஏறாது” என்று உண்மையைத்தான் சொன்னான். அந்த மண்டபத்தில் அன்று அரிச்சந்திரனுக்கு நிகராக வாய்மை காத்தவன் அவன் ஒருவனே.

புகழ் பெற்றவருக்குப் பகைவர் உண்டு. கடைகளில் மகாராஜாவைப் பற்றி அவதூறு பரப்பும் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. அவர்களை அடையாளம் கண்டு விலக வேண்டும் என்பதற்காகவே அவர்கள் பேச்சை இங்கே எடுத்துக்காட்டுகிறேன். பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பாராமல் மைக் துளையை எண்ணச் சொல்கிறார்கள். மிட் குமிழுக்குப் பக்கத்தில் இடம் மாற்றும் இன்னொரு குமிழ் உண்டா என்று குனிந்து தேடுகிறார்கள். மேடையில் நடிப்பவர்களுக்கு, பின்வரிசைக்கு, பதிவுக்கு என்று தனித்தனியாக எத்தனை வெளியீடு, அதில் டிலே உண்டா என்று கேட்கிறார்கள். 48 வோல்ட் பாண்டம் பவர் எல்லாச் சேனலுக்கும் ஒரே சுவிட்சா, தனித்தனியா என்று விசாரிக்கிறார்கள். மியூட் குரூப், காட்சி நினைவு என்று புரியாத மந்திரம் சொல்கிறார்கள். மேசையே வேண்டாம், டேப்லெட்டில் ஓட்டலாம் என்ற புதுரகத்தைக் காட்டினால், சபை நிறைந்து ஐந்நூறு போன் உள்ளே வந்தபின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அறுந்தால் என்ன செய்வது, தனி ரவுட்டரோ ஒயரோ உண்டா என்று அதற்கும் குறுக்குக் கேள்வி. ப்ளூடூத்தை அணைத்துவைக்க முடியுமா என்று ஒருவர் கேட்டதைக் காதால் கேட்டேன், கண்ணீர் வந்தது. இவர்கள் வாயில் ஹலோ வருவதேயில்லை. நடிகர்களையே கூட்டிவந்து, எல்லா மைக்கையும் திறந்துவைத்து, நாடகத்திலேயே மிக மெல்லிய வசனத்தைப் பேசச்சொல்லி, தாங்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். மிக்சரையும் அதை இயக்குபவரையும் சபை நடுவே, ஜனங்களோடு உட்காரவைக்க வேண்டும் என்கிறார்கள். பணம் பற்றாவிட்டால் அலங்கார வளைவைக் குறைத்துக்கொண்டு மிக்சரை நல்லதாக எடு என்கிறார்கள். இத்தகையோரை ஒத்திகைக் கூடத்துக்குப் பத்தடி தூரத்தில்கூட அண்டவிடாதீர்கள்.

இவர்களைவிட ஆபத்தானவர்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் தினமும் நடமாடுகிறார்கள். அவர்கள் டவுன் பஸ் கண்டக்டர்கள். இத்தனை ஹார்ன், இத்தனை இன்ஜின் நடுவே ஒருவர் படியில் தொங்கியபடி “ஸ்ரீரங்கம், திருவானைக்கோயில்” என்று கூப்பிடுகிறார். பழக்கடையில் நிற்கும் பாட்டிக்கு ஒவ்வோர் எழுத்தும் விளங்கி, ழகரமாக இல்லாவிட்டாலும் வகரமும் னகரமும் சேதமில்லாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நாடகம் பார்க்கப் போகும் பெருமக்கள் வழியில் இதைக் கேட்டுவிட்டால் மகாராஜாவின் மேல் வைத்த பக்தி குறைந்துபோக வாய்ப்பு உண்டு. காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்கு வந்து சேர்வது உத்தமம்.

செயலாளர் பெருமகனார்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு நாடகத்துக்கும் மகாராஜாவையே அழையுங்கள். முன்பணத்தை இப்போதே கொடுத்து நாளைக் குறித்துவிடுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் கிடைக்கமாட்டார். சந்திரமதி வேடமிட்டவரிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். அன்று இரவு மண்டபத்தின் பின்பாதியில் இருந்தவர்களுக்கு அவர் புலம்பியதில் ஒரு வாக்கியம்கூட விளங்கவில்லை. மிக்சருக்கான வாடகை முழுவதும் அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்தாகிவிட்டது.